அறுபத்து மூன்று அங்குலக் கட்டில்

அந்தத் தெருவில் தையல்காரரைத் தேடி வருகிறவர்கள் "அரையங்குலம் கடை எது?" என்றுதான் கேட்பார்கள். அவருடைய சொந்தப் பெயர் மின்கட்டண ரசீதில் மட்டும் உயிரோடு இருக்கிறது. இடுப்பு பிடிக்கிறது, அக்குள் இறுக்குகிறது என்று யார் வந்து நின்றாலும், "உள்ள அரை அங்குலம் விட்டிருக்கேன், பிரிச்சுத் தர்றேன், கவலைப்படாதீங்க" என்பார். முப்பது வருடமாக அந்தத் தெருவின் பாதி மானம் அந்த அரை அங்குலத்தில்தான் நின்றுகொண்டிருக்கிறது. ஆளைப் பார்த்தவுடன் நெஞ்சளவு சொல்லுவார். நாடாவை வைத்துப் பார்த்தால் கால் அங்குலம்கூட மாறாது. அப்படிப்பட்டவரை ஒரு கட்டில் ஒரு வாரம் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது.

கட்டில் அவருக்கு இல்லை, அக்காவுக்கு. அக்கா வேறொரு ஊரில் பெரிய ஆஸ்பத்திரியில் வார்டு உதவியாளர். நோயாளிகளைத் தூக்கி உட்கார வைப்பது, விரிப்பு மாற்றுவது, ராத்திரி கூப்பிட்டால் ஓடுவது என்று முப்பத்தோரு வருடம். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஆஸ்பத்திரி கொடுத்த குடியிருப்பில் ஓர் அறை, அதில் ஆஸ்பத்திரியே போட்ட இரும்புக் கட்டில். தம்பியைப் பதினாறு வயதில் கையைப் பிடித்து இழுத்துப் போய்த் தையல் கற்க விட்டவள் அவள்தான். அவளுக்கு இந்த மாதத்தோடு அறுபது முடிகிறது.

திங்கட்கிழமை காலை தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"சனிக்கிழமை காலையில அறைச் சாவியைக் குடுத்துடணும்டா."

"குடுத்துட்டு நேரா இங்க வந்துடு."

"வர்றேன். வந்து பாக்குறேன். இங்க ஒரு முதியோர் இல்லத்துலயும் சொல்லி வெச்சிருக்கேன். சனிக்கிழமை சாயந்தரம் ஆறு மணி வரைக்கும் எனக்கு ஒரு கட்டிலைப் பிடிச்சு வெச்சிருப்பாங்களாம். உங்களுக்கு இடைஞ்சலா இருந்தா அங்கயே போயிடுறேன். நீ மனசுல எதுவும் வெச்சுக்காதே."

"இடைஞ்சலா? என்னக்கா பேச்சு இது?"

"நீ சொல்ல மாட்டே. எனக்கே தெரியும்ல, இடம் இருக்கா இல்லையான்னு."

அரையங்குலத்துக்கு அது நெஞ்சில் குத்தியது. அக்கா கோபித்துப் பேசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். அவள் சாவகாசமாகச் சொன்னாள், வார்டில் இடமில்லை என்று நோயாளியிடம் சொல்லுகிற மாதிரி. போனை வைத்ததும் கடைக்குப் பின்னால் இருந்த சின்ன அறையைக் காலி செய்ய ஆரம்பித்தார். வெட்டுத் துண்டு மூட்டைகள், வாங்க வராதவர்களின் சட்டைகள், கை உடைந்த மரப் பொம்மை, எல்லாம் வெளியே வந்தன. கதவைத் திறந்ததும் அக்கா பார்க்க வேண்டியது ஒரு கட்டிலை. அவளுக்கென்றே போட்ட கட்டில், அவளுக்கென்றே விட்ட இடம். அதைப் பார்த்துவிட்டால் இல்லத்துப் பேச்சே எடுக்க மாட்டாள் என்று நம்பினார்.

கட்டில் வாங்கப் பழைய காலம் மாதிரி கடைத்தெருவுக்குப் போய்த் தட்டிப் பார்த்து, உட்கார்ந்து பார்த்து வாங்கலாம் என்று கிளம்பினார். கடை இருந்த இடத்தில் உடற்பயிற்சிக் கூடம் வந்திருந்தது, பத்துப் பேர் இரும்பைத் தூக்கிக்கொண்டு மூச்சு வாங்கினார்கள். கட்டில் கடை இணையதளமாகிவிட்டதாம். வாசலில் இருந்த பலகையில் முகவரியை எழுதி ஒட்டியிருந்தார்கள். அதைச் சாக்குக்கட்டியால் உள்ளங்கையில் எழுதிக்கொண்டு வந்து சேர்ந்தார்.

வெட்டுகிற மேசையில் ஊசிப் பெட்டிக்குச் சாய்த்து போனை நிறுத்திவிட்டு, மூக்கில் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு தேட ஆரம்பித்தார். 'கட்டில்' என்று போட்டதும் ஆயிரத்து எழுநூற்றுச் சொச்சம் வந்து விழுந்தன. அவருக்கு முதலில் சந்தோஷம். இத்தனை இருக்கும்போது ஒன்று கிடைக்காதா? அரை மணி நேரத்தில் அந்தச் சந்தோஷம் போன இடம் தெரியவில்லை.

எல்லாவற்றுக்கும் பெயர் இருந்தது. அலை, நிழல், காற்று, துளிர், மௌனம். அலையில் கட்டிலும் உண்டு, செருப்பு வைக்கிற அலமாரியும் உண்டு, முகம் பார்க்கும் கண்ணாடியும் உண்டு. அது ஒரு குடும்பப் பெயர் மாதிரி என்று புரிந்துகொள்ளவே திங்கட்கிழமை போய்விட்டது. நிழலுக்கும் நிழல் பிளஸுக்கும் என்ன வித்தியாசம் என்று இரண்டு படத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். தலையணை உறை நிறம்தான் வேறாக இருந்தது. அந்தத் தலையணையும் கட்டிலோடு வராது என்று கீழே பொடி எழுத்தில் போட்டிருந்தார்கள். மெத்தை வராது. விளக்கு வராது. இதெல்லாம் வராது என்றால் எதற்காகப் படத்தில் காட்டுகிறார்கள் என்று போனையே கேட்டார்.

படத்தில் இருந்த அறைகளோ ஒவ்வொன்றும் பள்ளிக்கூட மைதானம் அளவுக்கு இருந்தன. ஒரு பக்கச் சுவர் முழுக்கக் கண்ணாடி, வெளியே கடல். நடுவில் கட்டில். பக்கத்தில் ஓர் ஆள் நின்றாலாவது இத்தனை உயரம் என்று கண் கணக்குப் போடும். ஆளே இல்லை. ஒரு செடி மட்டும் நின்றது. செடி எத்தனை உயரம் என்று யாருக்குத் தெரியும்?

செவ்வாய்க்கிழமை அளவுப் பட்டியலைக் கண்டுபிடித்தார். அப்பாடா என்றிருந்தது. அளவு என்று வந்துவிட்டால் அது அவருடைய ராஜ்யம். பட்டியலில் எஸ், எம் எல்லாம் இருக்கும், அக்காவுக்கு எம் சரியாக இருக்கும் என்று நினைத்துத் தேடினார். 'எல்' மட்டும்தான் இருந்தது. சரி, சற்றுத் தொளதொளவென்று இருந்தாலும் பரவாயில்லை என்று அதை அழுத்தினார். ஒன்பதடி நீளத்தில் மூலையில் மடங்கிய சோபா ஒன்று திரையை நிறைத்துக்கொண்டு வந்தது. தையல்காரர் பதறிப்போய்ப் பின்னால் போனார். பின்னால் போனால் மறுபடியும் ஆயிரத்து எழுநூற்றுச் சொச்சம், முதலிலிருந்து.

ஒரு கட்டில் அங்குலத்தில் இருந்தது, அடுத்தது சென்டிமீட்டரில், அதற்கடுத்தது மில்லிமீட்டரில். நீளம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பது என்று பார்த்ததும் ரயில் பெட்டியோ என்று பயந்துவிட்டார். கழுத்தில் தொங்கிய நாடாவின் மறுபக்கத்தில் சென்டிமீட்டர் உண்டு. முப்பது வருடத்தில் முதல்முறையாக அதைத் திருப்பிப் பார்த்தார். நாடா நூற்றைம்பதோடு முடிந்துபோனது. மேசையில் சாக்குக்கட்டியால் ஒரு கோடு போட்டு, அங்கிருந்து மறுபடி அளந்து, நடுவில் ஒரு வாடிக்கையாளர் வந்து அந்தக் கோட்டின் மேல் தன் துணியை விரித்து, கணக்கு போயே போச்சு.

அக்காவுக்கு முழங்கால் வலி உண்டு. உட்கார்ந்தால் பாதம் தரையில் படிய வேண்டும், பதினேழு அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது. இணையதளத்தில் 'உயரம் 95' என்று போட்டிருந்தது. தொண்ணூற்றைந்து சென்டிமீட்டர் உயரக் கட்டிலில் ஏற அக்கா ஏணி அல்லவா வைக்க வேண்டும்? அது தலைமாட்டுப் பலகையின் உயரம் என்பது படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி, மரத்தின் நரம்பு வரை போய்ப் பார்த்த பிறகுதான் பிடிபட்டது. உட்காருகிற உயரம் எங்கேயும் இல்லை.

வாடிக்கையாளர் சேவைக்குப் போன் போட்டார். இருபது நிமிடம் இசை கேட்ட பிறகு ஒரு பெண் வந்தாள்.

"அம்மா, அந்த நிழல் கட்டில் எழுபத்தஞ்சுக்கு முப்பத்தாறுன்னு போட்டிருக்கே, அது உள் அளவா, வெளி அளவா?"

"அளவுன்னு போட்டிருக்கு சார்."

"அது தெரியுதும்மா. மெத்தை அளவா, கட்டிலோட அளவா?"

"எனக்கும் நீங்க பாக்குற அதே பக்கம்தான் சார் தெரியுது. உங்க அறை என்ன அளவு சார்?"

"அறைக்கு இல்லம்மா, எங்க அக்காவுக்கு."

அந்தப் பெண் வேறு ஏதாவது உதவி வேண்டுமா என்று கேட்டாள்.

சாயந்தரம் அவர் மனைவி வேலை முடிந்து வந்தாள். ஒரு பல் மருத்துவரிடம் வரவேற்பு மேசையில் இருக்கிறாள். யாருக்கு எத்தனை மணிக்கு எந்தப் பல் என்பதைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுவாள். கணவர் முழி பிதுங்கி உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு நாடாவை வாங்கிப் போய்ச் சின்ன அறையை அளந்து வந்தாள்.

"ஏழடிக்கு அஞ்சரை அடி. இதுக்குள்ள அடங்குற கட்டிலா ஒண்ணு போடுங்க. இதுல என்ன குழப்பம்?"

"அறையை எதுக்கு அளக்குற? சட்டை தைக்க வந்தா ஆளை அளப்பேனா, அவங்க வீட்டு அலமாரியை அளப்பேனா?"

"கட்டில் என்ன சட்டையா?"

"போடுறது மனுஷங்கதானே?" என்றார். அவளுக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கு வரவில்லை.

புதன்கிழமைதான் விடிவு பிறந்தது, அதுவும் நாய் ரூபத்தில். ஏதோ ஒரு கட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, 'இதைப் பார்த்தவர்கள் இதையும் பார்த்தார்கள்' என்று நாய்ப் படுக்கை ஒன்று வந்து நின்றது. அதில் ஒரு படம். மூக்கிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை உங்கள் நாயை அளந்துகொள்ளுங்கள், அதோடு இத்தனை கூட்டிக்கொள்ளுங்கள், அதுதான் படுக்கையின் நீளம். அரையங்குலம் மேசையைத் தட்டினார். மூன்று நாளாக அவர் சொல்லிக்கொண்டிருப்பதும் இதுதானே? ஆளை அளந்து, மேலே லூசு விட்டால் தீர்ந்தது விஷயம். நாய்க்கு இருக்கிற முறை மனிதனுக்கு இல்லாமல் போய்விடுமா?

அக்காவுக்குப் போன் போட்டார்.

"அக்கா, சுவர்ல சாஞ்சு நின்னு யாரையாவது உச்சந்தலையிலேர்ந்து குதிகால் வரைக்கும் அளக்கச் சொல்லு."

"எதுக்குடா?"

"சொல்லு, அப்புறம் சொல்றேன்."

ஒரு நர்ஸ் அளந்து சொன்னாள். அறுபத்தொன்றரை அங்குலம். தைக்கும்போது எவ்வளவு லூசு விடுவார்? ஒன்றரை விடுவார். மொத்தம் அறுபத்து மூன்று. நாடாவைத் திருப்பிக் கணக்குப் போட்டால் நூற்றறுபது சென்டிமீட்டர். அளவு என்ற கட்டத்தில் நூற்றறுபது என்று போட்டுத் தேடினார். ஆயிரத்து எழுநூறும் மறைந்து ஒன்பதே ஒன்பது கட்டில் நின்றன. அதில் ஒன்று துளிர். நீளம் நூற்றறுபது, அகலம் எண்பது. அதிசயத்திலும் அதிசயமாக, கீழே பலகையின் உயரமும் போட்டிருந்தது: முப்பது சென்டிமீட்டர். பன்னிரண்டு அங்குலம். ஐந்து அங்குல மெத்தை போட்டால் பதினேழு. அக்காவின் முழங்காலுக்கு ஊசி முனைகூடப் பிசகவில்லை.

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. யாரோ ஒரு தச்சன் அக்காவை நிறுத்தி வைத்து அளந்து செய்த மாதிரி இருந்தது. மற்ற கட்டில்கள் எல்லாம் எழுபத்தைந்து, எழுபத்தெட்டு என்று நீளமாகக் கிடந்ததற்குக் காரணமும் புரிந்துபோனது. துணியை வீணடிக்கிற தையல்காரர்கள் மாதிரி மரத்தை வீணடிக்கிறார்கள். கட்டிலோடு அதே அளவில் ஐந்து அங்குல மெத்தையையும் சேர்த்து, வாங்கும் பொத்தானை அழுத்தினார். சனிக்கிழமை காலை வரும் என்று பதில் வந்தது.

சனிக்கிழமை பத்து மணிக்கு இரண்டு பேர் அட்டைப் பெட்டியோடு வந்தார்கள். ஒருவர் மூட்டித் தருகிறவர். சின்ன அறையில் உட்கார்ந்து திருகுகளை முடுக்கிக்கொண்டே பேச்சுக் கொடுத்தார்.

"பிள்ளைக்கு என்ன வயசு சார்?"

"எந்தப் பிள்ளைக்கு?"

"கட்டில் யாருக்கோ அந்தப் பிள்ளைக்கு."

"அக்காவுக்கு. அறுபது ஆகுது."

அந்த ஆள் திருகாணியை விட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தார். "சார், துளிர்னா பிள்ளைங்க கட்டில் சார். மூணு வயசுலேர்ந்து பத்து வயசு வரைக்கும். அட்டையிலயே போட்டிருக்கு பாருங்க."

அட்டையில் போட்டிருந்தது. ஒரு முயல் படம்கூட இருந்தது. அரையங்குலம் மாற்றித் தர முடியுமா என்று கேட்டார். ஏழு நாளில் ஆள் வந்து எடுத்துப் போவார்களாம், அதற்குப் பிறகு வேறு அனுப்புவார்களாம். "பாரம் தாங்கும் சார், இருநூறு கிலோ வரைக்கும் பயமில்லை" என்று அந்த ஆள் ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார். மனைவி வாசலில் நின்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை விழுங்கிவிட்டு, மெத்தையைப் போட்டு விரிப்பை இழுத்துச் செருகினாள். ஏழடி அறையில் அந்தக் கட்டில் யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன பெட்டி மாதிரி கிடந்தது.

மூன்று மணிக்கு அக்கா வந்தாள். ஒரு பெட்டி, இரண்டு பை. பையைக் கீழே வைக்காமலேயே வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். கடையில் ஒரு மூலையில் மூட்டைகள் கூரை வரை ஏறியிருந்ததைப் பார்த்தாள். நடக்க இடமில்லாமல் தையல் மிஷின் குறுக்கே வந்திருந்ததையும் பார்த்தாள்.

"எனக்காக எல்லாத்தையும் வெளிய தள்ளிட்டியாடா?"

"அதெல்லாம் வேண்டாத சாமான்க்கா."

"ம்" என்றாள். அந்த 'ம்' அவருக்குப் பிடிக்கவில்லை. கடிகாரத்தைப் பார்த்தார். ஆறு மணிக்கு மூன்று மணி நேரம் இருந்தது.

சின்ன அறைக்குக் கூட்டிப்போனார். அக்கா கட்டிலைப் பார்த்தாள். தம்பியைப் பார்த்தாள். மறுபடி கட்டிலைப் பார்த்தாள். அதில் உட்கார்ந்தாள். பாதம் தரையில் அழகாகப் படிந்தது. பிறகு காலைத் தூக்கி நீட்டிப் படுத்தாள். உச்சந்தலை தலைமாட்டில் இடித்தது, கால் விரல்கள் கால்மாட்டுப் பலகையில் முட்டின.

"ஆஸ்பத்திரியில ஸ்ட்ரெச்சர்கூட இதைவிட நீளம்டா."

அரையங்குலம் உடைந்துபோனார். திங்கட்கிழமையிலிருந்து நடந்ததெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னார். அலை, நிழல், ஒன்பதடி சோபா, கடைசியில் நாய். நாயை மறைத்துவிடலாம் என்றுதான் நினைத்தார், வாய் கேட்கவில்லை.

"நாயை அளக்குற மாதிரி என்னை அளந்தியா?" அக்கா எழுந்து உட்கார்ந்துகொண்டாள். "நிக்கிற ஆளை அளந்திருக்க. நின்னுக்கிட்டா தூங்குவாங்க? படுத்தா பாதம் நீட்டிக்கும், தலைகாணி ஒரு ஜாண் பிடிக்கும், திரும்பிப் படுக்கணும். முப்பத்தோரு வருஷமா படுத்திருக்கிற ஆளுங்களைத்தான் பாத்துக்கிட்டிருக்கேன். ஒரு அடியாவது கூட விடணும்டா."

"தெரியலக்கா. எனக்கு எதுவுமே புரியல. உனக்குன்னு ஒரு இடம் பண்ணி வெக்கலாம்னு பாத்தேன், அதுகூட எனக்குச் சரியா வரல."

மனைவிதான் சமாளித்தாள். "கால் பக்கப் பலகையைக் கழட்டி ஒரு ஸ்டூலை ஒட்டிப் போட்டா நாலு நாள் ஓட்டிடலாம் அண்ணி."

அக்கா "அந்தக் கடையைக் காட்டு" என்று போனுக்குக் கையை நீட்டினாள்.

மூன்று பேரும் அந்தச் சின்னக் கட்டிலில் வரிசையாக உட்கார்ந்துகொண்டார்கள். அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஆரம்பித்தாள். ஐந்து நிமிடத்தில் மௌனத்துக்கும் மௌனம் லைட்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டாள். பத்து நிமிடத்தில் எல்லாச் செடிகளையும் திட்டினாள். "இதுல கட்டில் எழுபத்தஞ்சு, மெத்தை எழுபத்தெட்டு. மெத்தை எங்க போய்த் தொங்கும்? நிறத்தை மாத்தினா அளவும் மாறுது, என்னடா இது?" என்று அவரிடமே கேட்டாள். அவர் சொன்னதை அவள் நம்பவில்லை, அவள் சொன்னது அவருக்குப் புரியவில்லை. மனைவி ஒரு தாளில் எண்களை எழுதிக்கொண்டே வந்தாள். எது அங்குலம், எது சென்டிமீட்டர் என்று எழுத மறந்துவிட்டாள். பெரிய வாக்குவாதம் ஆனது. தாளைத் தூக்கிப் போட்டுவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தார்கள்.

ஐந்தே முக்காலுக்கு அக்காவின் போன் அடித்தது. இல்லத்துக்காரர்கள்.

"சொல்லுங்கம்மா... ஆமா, வந்து சேர்ந்துட்டேன். தம்பி வீட்லதான் இருக்கேன்... கட்டிலா? வாங்கியிருக்கான். எனக்குன்னே அளவு எடுத்து வாங்கியிருக்கான். இத்தனை வருஷமா யார் யாரோ படுத்த கட்டில், எனக்கு அளவு யாரு எடுத்தா?... இல்ல, சரியா இல்ல. ஒரு அடி குறையுது." அக்கா சிரித்தாள். "அதாம்மா, வர முடியாது போலிருக்கு. இதை மாத்தணும், இவங்க ரெண்டு பேருக்கும் ஒண்ணும் தெரியல. நான் கூட இருந்து பாத்தாத்தான் ஆகும்... எத்தனை நாளா? அது எங்கம்மா தெரியுது, ஆயிரத்து எழுநூறு கட்டில் இருக்கு. அங்க எனக்குன்னு வெச்சதை வேற யாருக்காவது குடுத்துடுங்க."

போனை வைத்தாள். அரையங்குலம் கழுத்து நாடாவைக் கையில் சுற்றிக்கொண்டு, மனைவி பார்க்கிறாளே என்றுகூட நினைக்காமல் அழுதார்.